சொல்லும் குறியும்: உயிர் வேதியியல் வரலாற்றில் ஓர் ஏடு

குழந்தை பிறந்தால் பெயரிடுகின்றோம். நிலம் வாங்கினால் எல்லைக்கல் நாட்டுகின்றோம். பெயரும் எல்லையும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத இரண்டு ஏற்பாடுகள். அறிவியலும் இவ்விரண்டின் வழியாகவே வளர்ந்து வந்திருக்கின்றது. உயிருள்ள பொருள்களின் உள்ளே நிகழும் வேதியியல் மாற்றங்களை ஆராயும் உயிர் வேதியியலிலும், அதன் உடன்பிறப்பாகிய மூலக்கூற்று உயிரியலிலும், பெயர்களும் குறியீடுகளும் எவ்வாறு அமைந்தன, அவ்வமைப்பில் தமிழர் ஒருவருக்கு எத்தகைய இடம் உண்டு என்பதை, நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் வாழும் நம்மவர்க்கு இப்பொருள் தொலைவிலுள்ள ஒன்றன்று. நம் இல்லத்துப் பிள்ளை பள்ளியில் ‘மாம்ஸ்யம்’ என்று படித்து வருகின்றது. களியக்காவிளைக்கு அப்பால் வாழும் அதன் மாமன் மகள் அதே பொருளைப் ‘புரதம்’ என்று படிக்கின்றாள். இங்கே ‘ஜீவகம்’, அங்கே ‘உயிர்ச்சத்து’. இங்கே ‘அன்னஜம்’, அங்கே ‘மாவுச்சத்து’. ‘கொழுப்பு’ ஒன்றே இரு பக்கத்தும் ஒரே பெயரோடு உலவுகின்றது! இரு பிள்ளைகளும் ஒரு திண்ணையில் அமர்ந்து பாடம் பேசினால், ஒரே கருத்தை இருவரும் அறிந்திருந்தும், ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காமற் போகின்றது. தமிழ் நம் பிள்ளைகளுக்கு அடுக்களை மொழியாகவும் திருவிழா மொழியாகவும் மட்டும் நின்றுவிடுமோ என்ற கவலை, இங்கு வாழும் பெற்றோர் பலர் நெஞ்சில் உண்டு. அக்கவலைக்கு விடை காண வரலாறு நமக்கு ஓரளவு துணை செய்யும்.

முதலிற் சொற்களின் கதையைப் பார்ப்போம்.

மேனாட்டார் வழங்கும் அறிவியற் பெயர்களும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ‘புரோட்டீன்’ என்ற பெயர் 1838-ஆம் ஆண்டில் நூல்வழக்கிற்கு வந்தது. சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்சீலியஸ் எடுத்துக் கொடுக்க, ஆலந்து நாட்டு மூல்டர் அதனை வழங்கினார். முதன்மையானது என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல் அதன் வேர். ‘என்சைம்’ என்ற பெயரை 1870-களில் செருமானிய அறிஞர் கூனே அமைத்தார். புளிப்பேற்றும் காடியில் உள்ளது என்பதே அதன் பொருள். தமிழில் நாம் வழங்கும் ‘நொதி’ என்ற சொல்லும் நொதித்தல், அதாவது புளித்துப் பொங்குதல், என்ற வினையிலிருந்தே பிறந்தது. கள் நொதிப்பதையும் மாவு புளிப்பதையும் கண்ட தமிழ் மக்களின் பட்டறிவும், கிரேக்கச் சொல்லைத் தேடிய செருமானியரின் எண்ணமும் ஒரே இடத்திற் சென்று சேர்ந்தன. இஃது எண்ணி மகிழத்தக்கது.

தமிழில் இம்முயற்சி தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் (1822–1884) தம் மாணவர்க்குத் தமிழிலேயே பாடம் சொல்லி, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். 1875-ஆம் ஆண்டில் வெளிவந்த வேதியியல் நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’ என்பது. தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுதல், கிடையாதாயின் வடமொழியை நாடுதல், அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட நெறி. அயல்நாட்டிற் பிறந்த ஒருவர் நம் மொழியால் இயலும் என்று நம்பிய காலத்தில், நம்மவருள் பலர் இயலாது என்று வாளாவிருந்தனர் என்பதையும் இங்கு நினைவு கூர்தல் தகும்.

1916-ஆம் ஆண்டில் சேலத்தில் இராசாசியும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கெனவே ஒரு சங்கம் கண்டு, ஆங்கிலத்தில் ஓர் இதழும் நடத்தினர். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1936-ஆம் ஆண்டில் சுவாமி விபுலானந்தர் தலைமையிற் கலைச்சொல் மாநாடு கூட்டி, 1938-ஆம் ஆண்டில் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டனர். அதே 1938-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சார்ந்த வாரன் வீவர் என்பார் தம் அறிக்கையில் ‘மூலக்கூற்று உயிரியல்’ என்ற பெயரை வழங்கினார். ஆக, அத்துறை பெயர் பெற்ற ஆண்டிலேயே தமிழும் அறிவியலுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தது. நாம் பிந்தி வந்தவர்கள் என்று தலை குனிய வேண்டுவதில்லை.

ஆயினும் கருத்து வேற்றுமைகளும் எழாமல் இல்லை. இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக வடசொற்களைக் கொள்ளலாம் என்ற எண்ணம் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசினரிடையே வலுப்பெற்றபோது, தமிழறிஞர் அதனை வன்மையாக எதிர்த்தனர். தமிழ்ச் சொற்களையே ஆக்க வேண்டும் என்ற கொள்கை அப்போராட்டத்தில் வேரூன்றியது. அதன் பயனே இன்று நம் நூல்களிற் காணும் புரதமும் நொதியும் மரபணுவும். 1954-ஆம் ஆண்டில் முதல் தொகுதி வெளிவந்து 1968-ஆம் ஆண்டிற் பத்தாம் தொகுதியோடு நிறைவுற்ற ‘கலைக்களஞ்சியம்’, பெரியசாமித் தூரன் அவர்களின் பொறுப்பில், இத்தகைய சொற்களை உயிருள்ள உரைநடையில் நடமாட விட்டது. இலங்கைத் தமிழர் வேறு வழியிற் சென்று ‘கலம்’, ‘நொதியம்’, ‘நிறமூர்த்தம்’ என்று வழங்கினர். ஒரே மொழிக்குள்ளும் கடல் ஒன்று குறுக்கிட்டால் இரண்டு பெயர்கள் தோன்றுமாயின், மலையாளத்தில் வேறு பெயர் வழங்குவதைக் கண்டு நாம் வியப்பதற்கு என்ன இருக்கின்றது?

நிற்க. ஊர்தோறும் மொழிதோறும் பெயர் வேறுபடுமானால் உலக அறிஞர் ஒருவரோடொருவர் பேசுவது எங்ஙனம்? இவ்வினாவே குறியீடுகளுக்குத் தாயாயிற்று.

நொதிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒரே நொதிக்கு ஐந்து பெயர், ஐந்து நொதிக்கு ஒரே பெயர் என்ற குழப்பம் மேனாட்டு ஆய்வுக்கூடங்களிலேயே விளைந்தது. 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அனைத்துலக உயிர் வேதியியல் ஒன்றியம், இதனைத் தீர்க்க 1956-ஆம் ஆண்டில் ஒரு நொதிக் குழுவை அமைத்தது. 1961-ஆம் ஆண்டில் அக்குழு அளித்த அறிக்கையின்படி, ஒவ்வொரு நொதிக்கும் நான்கு எண்கள் கொண்ட ஒரு முகவரி கிடைத்தது. நம் உமிழ்நீரில் நின்று சோற்றின் மாவுச்சத்தை இனிப்பாக மாற்றும் நொதியின் முகவரி 3.2.1.1 ஆகும். முதல் எண் அதன் பெருவகுப்பையும், அடுத்த இரண்டும் உட்பிரிவுகளையும், இறுதி எண் அந்நொதியையும் சுட்டும். மாநிலம், மாவட்டம், ஊர், வீட்டெண் என்று நாம் எழுதுவது போல.

நம் மரச்சீனிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இப்பெயர் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. கிழங்கை அறுத்தவுடன் அதனுள் தனித்தனியே இருந்த ஒரு சர்க்கரைக் கூட்டுப்பொருளும் ஒரு நொதியும் கலந்து, நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் சயனைடை வெளிப்படுத்துகின்றன. கசப்பு மிக்க கிழங்கைச் சிறு துண்டுகளாக அரிந்து, மிகுந்த நீரில் அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டும் நம் தாய்மார்களின் வழக்கம் இந்நஞ்சை நீக்குவதற்கே ஆகும். அந்நொதிக்கும் ஒரு முகவரி உண்டு, அது 3.2.1.21. திருவனந்தபுரத்தை அடுத்த சிறீகாரியத்தில் 1963-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும், ஆப்பிரிக்க நாட்டு ஆய்வாளரும், தத்தம் வீட்டில் எம்மொழி பேசினும், இந்நான்கு எண்களைக் கண்டவுடன் ஒரே பொருளை உணர்வர்.

நொதிக் குழு அமைந்த அதே 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாளில்தான் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது என்பதை நம்மில் முதியோர் மறந்திருக்கமாட்டார். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஒரே ஆண்டில் ஒரு கோடு உறவினரைப் பிரித்தது. ஓர் எண்முறை அயலாரை இணைத்தது.

இனி, நம் பெருமைக்குரிய பகுதிக்கு வருவோம்.

நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில், கொச்சி அரசைச் சேர்ந்த எறணாகுளத்தில், 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் பிறந்தவர் கோ. நா. இராமச்சந்திரன். தந்தையார் நாராயண ஐயர் எறணாகுளம் மகாராசாக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியர். நம் பிள்ளைகளைப் போலவே, வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டு வளர்ந்த சூழல் அவருடையது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்திற் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்து, கேம்பிரிட்சுக்கும் சென்று மீண்ட அவரை, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் 1952-ஆம் ஆண்டில் இயற்பியற் பேராசிரியராக அமர்த்தினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னால் என்பாருடன் உரையாடியபோது, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்ற செய்தி அவர் கருத்தைக் கவர்ந்தது. தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றின் கட்டுக்கோப்புக்கு அடிப்படை இப்புரதம். கிரேக்க மொழியில் வச்சிரப் பசையைக் குறிக்கும் சொல்லே அதன் பெயருக்கு மூலம். சென்னையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தமையால் ஆய்வுக்கு வேண்டிய பொருள் கிடைத்தது. கேரளத்திற் பிறந்த கோபிநாத கர்த்தா அவருடன் இணைந்தார். எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆன முப்புரி அமைப்புடையது என்று இருவரும் கண்டனர்.

கயிறு திரிக்கும் நம்மவர்க்கு இவ்வமைப்பை விளக்குவது எளிது. தென்னந்தும்பை ஒரு திசையில் முறுக்கி இழையாக்கி, அவ்விழைகளை எதிர்த்திசையில் ஒன்றோடொன்று முறுக்கினாலன்றோ கயிறு பிரியாது நிற்கும்? 1955-ஆம் ஆண்டில் அவர்கள் திருத்தி வெளியிட்ட அமைப்பும் அத்தகையதே. தனி இழை ஒவ்வொன்றும் இடமுறையாகச் சுருண்டிருக்க, மூன்றும் சேர்ந்து வலமுறையாகப் பின்னிக்கிடக்கின்றன. இழையில் மூன்றுக்கு ஒன்றாக வரும் கிளைசின் என்பது அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. அது முப்புரியின் நடுவில், வேறெதுவும் நுழைய முடியாத நெருக்கத்தில், தான் சிறுமையுற்று நின்று மற்றவற்றிற்கு இடந்தருகின்றது. இவ்விழைகளை உறுதிப்படுத்தும் பணியில் உயிர்ச்சத்து சி-க்கும் பங்குண்டு. அது குறைந்தால் ஈறு தளர்ந்து குருதி கசியும். நெல்லிக்கனியை நம் முன்னோர் போற்றியது வீண்போகவில்லை.

இம்முப்புரி அமைப்பு ‘நேச்சர்’ என்ற ஆங்கில இதழில் முதன்முதலாக வெளிவந்த நாள் 1954 ஆகஸ்டு 7. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 11-ஆம் நாள், புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் மொழிவழி எல்லைக்காகக் கிளர்ந்தெழுந்த தமிழர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின. அந்நாளைய துயரை நம் வட்டாரத்து மக்கள் இன்றும் மறந்திலர். உரிமைக்காகப் போராடியோர் தியாகத்தை எவ்வகையானும் குறைத்தல் ஆகாது. அதே வாரத்தில், தமிழர் ஒருவரும் மலையாளி ஒருவரும் கைகோத்து நின்று உலகம் காணாத ஒன்றைக் கண்டு காட்டினர் என்பதும் நம் வரலாற்றின் ஓர் ஏடே. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

கண்டுபிடிப்புக்குப் பாராட்டோடு மறுப்பும் வந்தது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட இருவருள் ஒருவராகிய கிரிக் என்பாரும் ரிச் என்பாரும் 1955-ஆம் ஆண்டில், சென்னையார் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் அளவு கடந்து நெருங்கியுள்ளன என்றும், இழைகளைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்பு மூன்று அமிலங்களுக்கு இரண்டாக இராது, ஒன்றே இருத்தல் கூடும் என்றும் உரைத்தனர். 1994-ஆம் ஆண்டில் நுட்பமான படிக ஆய்வு, முப்புரி என்ற அடிப்படையை உறுதி செய்து, பிணைப்பு ஒன்றே என்பதையும் காட்டியது.

இராமச்சந்திரன் அம்மறுப்பைக் கேட்டுச் சோர்ந்தாரல்லர், சினந்தாருமல்லர். ‘அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?’ என்ற வினாவையே தம் அடுத்த ஆய்வாக்கினார். அதுவரை அறியப்பட்ட படிகங்களில் அணுக்களுக்கிடையே காணும் தொலைவுகளைத் திரட்டி, அதற்கு ஓர் எல்லை வகுத்தார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவரோடு சேர்ந்து, கணினி எளிதிற் கிட்டாத அந்நாளிற் பெருங்கணக்குகளைப் போட்டு, 1963-ஆம் ஆண்டில் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். உலகெங்கும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்று அவர் பெயராலேயே வழங்குவது இதுவே.

அவ்வரைபடம் சொல்வது யாது? புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. மாலையின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் மட்டுமே எளிதிற் சுழற்சி உண்டு. கதவு ஒன்று இரண்டு கீல்களில் தனித்தனியே திரும்புவதாக எண்ணிக்கொள்ளலாம். இவ்விரு கோணங்களையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டத்திற் குறித்தால், அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காத இடங்கள் சிறு தீவுகளாகத் தனித்து நிற்கின்றன. எஞ்சிய பரப்பு, கிளைசின் நீங்கலான ஏனையவற்றிற்குப் பெரும்பாலும் நுழைய முடியாத இடம். புதிய புரத அமைப்பு எதனை எவர் வெளியிடினும், அது சரியா தவறா என்று உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக இன்றும் இவ்வரைபடம் விளங்குகின்றது.

இக்கோணங்களுக்கு இட்ட குறியீடுகளின் வரலாறு நம் கருத்துக்கு மிகவும் பொருந்துவது. 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இரு கோணங்களும் ஒரே கிரேக்க எழுத்தால், ஒன்று ஃபை என்றும் மற்றொன்று மேற்கோடிட்ட ஃபை என்றும் குறிக்கப்பட்டன. அந்நாளில் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தனக்கெனத் தனிக் குறியும், தனிப் பூச்சிய இடமும் வைத்திருந்தது. 1966-ஆம் ஆண்டில் எட்சால், ஃபுளோரி, கெண்ட்ரூ, லிக்குவோரி, நெமெத்தி, இராமச்சந்திரன், செராகா ஆகிய எழுவர் ஒன்றுகூடிப் பொதுமுறை ஒன்றை முன்மொழிந்தனர். அதன்படி முதற்கோணம் ஃபை, இரண்டாவது சை. இழை முழுதும் நீண்டு கிடக்கும் நிலைக்கு இரண்டும் பூச்சியம். மூன்றாண்டுகளுக்குள், கரிம வேதியியலாரின் பொது வழக்கோடு இயைய வேண்டி, 1969-ஆம் ஆண்டு விதிகள் அப்பூச்சியத்தை 180 பாகை நகர்த்தின. ஆல்ஃபா சுருள் என்னும் புகழ்பெற்ற அமைப்பின் கோணங்கள் பழைய கணக்கில் 123, 133. புதிய கணக்கில் குறை 57, குறை 47. எண் மாறியது, சுருள் மாறவில்லை. தாம் கூட்டாக வகுத்த முறையே மாற்றப்பட்டபோதும், இராமச்சந்திரன் தம் பிற்காலக் கட்டுரைகளிற் புதிய முறையையே கையாண்டார். பொதுவழக்கிற்காகத் தன் வழக்கை விட்டுக் கொடுத்தும் பெயரை இழவாதிருத்தல் பெரியோர் இயல்பு.

அவர் 1971-ஆம் ஆண்டிற் பெங்களூரில் மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை வளர்க்கச் சென்றார். 1977-ஆம் ஆண்டில் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அன்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. குறியீடு உலகப் பொது. அதனை உள்ளபடியே கற்றல் வேண்டும். சொல்லோ சிந்தனைக்கு உரியது. அது தாய்மொழியில் இருந்தால் பொருள் நெஞ்சிற் படியும். 3.2.1.1 என்ற எண்ணைக் கொண்டு எவரும் வியப்பதில்லை; சோற்றை மெல்ல மெல்ல நாவில் இனிப்பு ஊறுவதைச் சொல்லக் கேட்டாலன்றோ பிள்ளை வியக்கும்! பள்ளியில் மலையாளம், உயர்கல்வியில் ஆங்கிலம், இல்லத்திற் தமிழ் என மூன்று இழைகள் நம் பிள்ளைகளின் வாழ்வில் ஓடுகின்றன. தனித்தனியே கிடந்தால் அவை அறுந்துபோகும் தும்புகள். ஒன்றோடொன்று முறுக்கினால் முப்புரிக் கயிறு.

ஆதலின், நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப் பாடநூல்களில் வரும் அறிவியற் சொற்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று பத்தியிலும், குறியீடு இருப்பின் நான்காம் பத்தியிலும் எழுதி, ஒரு சிறு கைந்நூலாகத் தொகுத்தல் வேண்டும். புரதத்தின் எதிரே மாம்ஸ்யம், உயிர்ச்சத்தின் எதிரே ஜீவகம் என்று எழுதுவதற்குப் பெரும்பொருள் வேண்டா. மேல்வகுப்பு மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கூடினால் போதும். அடுத்த ஆண்டு விழாவில் அந்நூல் அரங்கேறுமாயின், எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள நம் குழந்தைகள் ஒரு திண்ணையில் அமர்ந்து ஒரே பாடத்தைப் பேசுவர். அவர்களுள் ஒருவர் நாளை உலகம் போற்றும் வரைபடம் ஒன்றை வரையவும் கூடும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!